எங்கள் அண்ணன் சாமி ஊருக்கு வருகிறார்: பங்கு மக்களுக்கு ஒரு திறந்த மடல்

பங்குப் பேரவைப் பெரியவர்களுக்கும், திருவிழாக் கமிட்டியாருக்கும், இளைஞர் இயக்கத்துத் தம்பிகளுக்கும், அன்பியம் என்கிற தெருவாரி செபக் குழுக்களின் தாய்மார்களுக்கும் ஸ்தோத்திரம்.

மே மாதத் திருவிழாவுக்கு, வடக்கே கத்தோலிக்கச் சாமியாராக இருக்கும் எங்கள் அண்ணன் சாமி வருகிறார் என்று போன ஞாயிறு பூசையில் அறிவித்துவிட்டார்களாம். அன்று சாயந்தரமே ஒரு தம்பி, "அக்கா, சாமியோட நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க, ஃபிளெக்ஸ் அடிக்கணும்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். போட்டோ அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

இந்த முறை வரவேற்பு வேண்டாம். ஃபிளெக்ஸ், ஜீப், பேண்டு செட், ஆளுயர மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். அவர் வந்து இறங்கும் முதல் இரண்டு நாளை எங்கள் அம்மாவுக்கு விட்டுக்கொடுங்கள். அந்த இரண்டு நாளில் யாரும் எந்த வேலையாகவும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

போன முறையே இதை ஒரு பெரியவரிடம் நேரில் கேட்டேன். "சாமி ஊருக்குப் பொதும்மா, உங்க வீட்டுக்கு மட்டும் சொந்தமா?" என்றார். அன்போடுதான் சொன்னார், பதில் பேச எனக்கு வாய் வரவில்லை. ஒருவரிடம் சொன்னால் ஒருவரோடு நின்றுவிடுகிறது என்பதால் இம்முறை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோவிலூர், எலத்தகிரி, பி.பள்ளிப்பட்டி என்று தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பழைய கத்தோலிக்க ஊர்கள் இருக்கின்றன. மகனைச் சாமியாராகவும் மகளைக் கன்னியராகவும் அனுப்பிய வீடுகள் அங்கேயும் உண்டு. அவர்களும் படிக்கட்டும்.

அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, ஆனா ஊரைத் திட்டாதே" என்று மட்டும் சொன்னார்.

அவர் வேலை செய்வது ஜார்க்கண்டில், தும்கா பக்கத்தில், சந்தால் மக்களின் கிராமங்களில். அங்கிருந்து தன்பாத் வந்து ஆலப்புழா எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். ஸ்லீப்பர் பெட்டியில் இரண்டு ராத்திரி. சேலத்தில் இறங்கி, பஸ் ஏறி, தொப்பூர் கணவாய் தாண்டித் தருமபுரி, அங்கே மாறிப் பாலக்கோடு, பிறகு நம் ஊர். அந்த உடம்போடு வருகிற மனுசரை நாம் என்ன செய்கிறோம்? மெயின் ரோட்டு வளைவிலேயே நிறுத்தி, மே மாத மொட்டை வெயிலில் திறந்த ஜீப்பில் ஏற்றி, ஊரைச் சுற்றிவரச் செய்கிறோம்.

போன முறை நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் ஜீப் பக்கம் இருந்தீர்கள். நான் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவோடு இருந்தேன். பஸ் பாலக்கோடு வந்துவிட்டது என்று போன் வந்ததும் அம்மா உலை வைத்தார். கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், கருவாட்டுக் குழம்பு. அங்கே வருசம் முழுக்கச் சோறும் பருப்பும் தின்கிற அண்ணனுக்குக் களி என்றால் உயிர். அம்மா முட்டி வலியோடு நின்றுகொண்டு, துடுப்பைக் காலால் அணைத்துக் கிண்டினார். "நான் கிண்டறேன், விடும்மா" என்றால் கேட்கவில்லை. பேண்டு சத்தம் கேட்டது, கிட்டே வந்தது, பிறகு கோவில் பக்கம் போய்விட்டது. கோவிலில் வரவேற்புரை, பொன்னாடை, ஏற்புரை. முதல் மாலை யார் போடுவது என்று மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஒரு தகராறு. பிறகு பங்குத்தந்தை இல்லத்தில் விருந்தினர் சாமிமார்களோடு பிரியாணி. அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது ஊர் அடங்கிவிட்டது. களி கல்லாக இறுகிக் கிடந்தது. அண்ணன் அதை மோரில் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடியும் முன்னே வாசலில் ஆள். ஒருவர் மகனின் டிப்ளமோ சர்டிபிகேட் ஜெராக்ஸை ஒரு கட்டாகக் கொண்டுவந்தார். ஒருவர் நர்சிங் காலேஜில் சீட்டு கேட்டார். புது பைக் மந்திரிக்க ஒருவர், பாகப்பிரிவினைப் பஞ்சாயத்துக்கு இரண்டு தரப்பு, கடன் கேட்டு ஒருவர். வந்த எல்லாருக்கும் டீ போட்டுப் போட்டு அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. மகன் திண்ணையில், தாய் அடுப்படியில், நடுவில் ஒரு சுவர். அவர் லீவு முடிகிற வரை இப்படியே போயிற்று. பஸ் ஏறுகிற அன்றைக்குப் பையைக் கையில் கொடுக்கும்போது அம்மா, "காலுக்கு நல்லதா ஒரு செருப்பு வாங்கிக்கக் கூடாதா சாமி?" என்று கேட்டார். வருசக்கணக்காக மனதில் கட்டிவைத்திருந்த பேச்சில் வெளியே வந்தது அவ்வளவுதான்.

வாசலில் நின்ற யாரையும் நான் குறை சொல்லவில்லை. வேலை கிடைக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு தகப்பன் படுகிற பாடு எனக்கும் தெரியும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்த் தங்கி, ஞாயிறு மட்டும் வீட்டில் தலைகாட்டுகிற ஆண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! ஒரு சாமியார் சொன்னால் கதவு திறக்கும் என்று நம்பி வருகிறார்கள். ஆனால் அவர் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை ஒரு தரம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

அவர் ஆயருக்குக் கீழ் உள்ள மறைமாவட்டக் குரு இல்லை, ஒரு துறவற சபையைச் சேர்ந்த குரு. தனக்கென்று சொத்து சேர்ப்பதில்லை என்று ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர். திருச்சபைச் சட்டம் 668-ன்படி அவர் உழைப்பில் வருவது சபைக்குச் சேர்ந்தது. திருவிழாவில் நீங்கள் கவரில் வைத்துக் கொடுக்கும் காணிக்கையையும் அவர் சபைத் தலைவரிடம் ஒப்படைத்துக் கணக்குச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரால் தன் கையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அன்று செபம் செய்தார், பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டார். அவரிடம் கடன் கேட்டு, இல்லை என்றதும், "வடக்கே போய்ச் சம்பாதிச்சு வச்சிருக்கார், தரமாட்டேங்கிறார்" என்று பேசுவது வீண்பழி. சீட்டு விசயமும் அப்படித்தான். அவர் சபையின் பள்ளிகள் இருப்பது ஜார்க்கண்டில். தருமபுரியிலோ சேலத்திலோ உள்ள காலேஜில் அவர் சொல்லுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

கல்யாண விசயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். கல்யாணத்துக்கு முன் கோவிலில் மூன்று முறை அறிவிக்கிற ஓலையை வாசிக்காமல், "நம்ம சாமி லீவுல இருக்கும்போதே முடிச்சிடலாம்" என்று இரண்டு குடும்பம் வந்து நின்றது. பங்குத்தந்தையோ ஆயரோ அதிகாரம் கொடுக்காமல் வெளிச் சாமியார் ஒருவர் நடத்தும் திருமணம் திருச்சபைச் சட்டப்படி செல்லவே செல்லாது. நம் பங்குத்தந்தை ஊரில் இருக்கும்போது அவரைத் தாண்டிப் போய் அண்ணனைக் கேட்பது அவருக்கும் மரியாதை இல்லை. வருசம் முழுக்க நம் சாவுக்கும் வாழ்வுக்கும் ஓடி வருகிறவர் அவர். புது வீடு, புது வண்டி மந்திரிப்புக்கு அவரைக் கூப்பிடுங்கள். தீர்த்தமும் செபமும் ஒன்றுதான்.

அப்படியானால் அண்ணனிடம் யாருமே வரக் கூடாதா என்றால், அப்படி இல்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்கள், நன்மை (நற்கருணை) வாங்கக் கோவிலுக்கு வர முடியாதவர்கள், பாவசங்கீர்த்தனத்தை உள்ளூர் ஆளாகத் தெரிந்தவரிடம் சொன்னால் மனசு ஆறும் என்று காத்திருக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அவரைப் போகச் சொல்வதே எங்கள் அம்மாதான். போன முறை அந்த நெரிசலில், அண்ணனுக்கு ஞானப்பாட்டு சொல்லிக்கொடுத்த பழைய உபதேசியாரைப் பார்க்கப் போக நேரம் கிடைக்கவில்லை. அவர் ஜார்க்கண்ட் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் உபதேசியார் இறந்துவிட்டார். ஜெராக்ஸ் கட்டைப் புரட்டிய நேரத்தில் கால் மணி அங்கே போயிருக்கலாமே என்று அண்ணன் இன்றும் போனில் வருத்தப்படுகிறார்.

காலனி பற்றியும் எழுதியாக வேண்டும். போன முறை ஒரே ஒரு நாள் அவர் தன் விருப்பத்துக்குச் சாப்பிட்ட இடம் காலனியில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரரும் அவரும் ஊர்ப் பள்ளியில் ஒரே பெஞ்சு. குருமடத்துக்குப் போகிற அன்றைக்கு டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துப் பஸ் ஸ்டாண்டு வரை சுமந்து வந்தவர். அங்கே சாப்பிட்டதைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டுக்கு வர நேரமில்ல, அங்க மட்டும் நேரமா?" என்று ஒரு வாரம் பேச்சு ஓடியது. நேரத்தைப் பற்றிய பேச்சு அல்ல அது, எல்லாருக்கும் தெரியும். 1950-ம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவர் என்ற காரணத்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது. சர்க்கார் அப்படிக் கைவிட்டவர்களை நம் தெருவும் தள்ளிவைத்தால் அவர்கள் எங்கே போவார்கள்? திருச்சபைக்குள்ளேயே தலித் மக்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்பதை 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையே கொள்கை ஆவணமாக வெளியிட்டு ஒப்புக்கொண்டது. இந்த முறையும் அண்ணன் அந்த வீட்டில் சாப்பிடுவார். அம்மாவும் நானும் கூடப் போகிறோம். தேர் பவனி அந்தத் தெரு வழியாகவும் வர வேண்டும் என்பதை அவர் கமிட்டியிடம் தனியே கேட்பார். அதற்கு நல்ல பதில் தயாராக வைத்திருங்கள். அவருக்கு நீங்கள் போடுகிற எந்த மாலையையும் விட அது பெரிது.

நம் பக்கத்துக்கு வேதம் கொண்டுவந்து வளர்த்தவர்களில் பாரிஸ் அந்நிய வேதபோதக சபைச் சாமிமார் முக்கியமானவர்கள். 1930-ல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயரும் அந்தச் சபைக்காரர்தான். 1997 ஜனவரி 24-ல் தருமபுரி தனி மறைமாவட்டம் ஆகும் வரை நம் ஊரெல்லாம் சேலத்தோடுதான் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் அந்தச் சாமிமார் பிரான்சை விட்டுப் புறப்பட்டால் பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. புறப்படும் நாளன்று வழியனுப்ப வந்தவர்கள் வரிசையாக வந்து அவர்கள் பாதத்தை முத்தமிடுவார்களாம். பெற்ற தாய்க்கு அதோடு சரி. கப்பலில் போகிற கடிதம் மட்டும்தான். நம் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை, ஏதோ ஒரு பிரெஞ்சு கிராமத்துத் தாய் மறுபடி தொடவே முடியாமல் போன கை. அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை. இன்றைக்கு ரயில் இருக்கிறது, சபை லீவு கொடுக்கிறது, மகன் வாசல் வரை வந்துவிடுகிறார். இருந்தும் தாய்க்கு அவர் கிடைக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் தூரம் இல்லை, நாம்தான்.

"கடவுளுக்குக் கொடுத்த பிள்ளை, தாய் என்று பார்க்கக் கூடாது" என்று சிலர் அம்மாவிடமே சொல்கிறார்கள். அவர்கள் தயவுசெய்து மாற்கு நற்செய்தி 7-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதை 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை ஆகிவிட்டது என்று சொல்லி, பெற்றவர்களுக்கு ஒன்றும் செய்யவிடாமல் வைக்கிற வழக்கத்தை இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்று அதில் இருக்கிறது. கடவுளின் பெயரைச் சொல்லித் தாயின் பங்கைப் பிடித்துவைப்பதை அவர் பக்தி என்று ஏற்கவில்லை. சிலுவையில் தொங்கும்போதுகூட அம்மாவை யோவானின் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் உயிரை விட்டார்.

குருப்பட்டம் வாங்கிய அன்று ஆயர் தைலம் பூசிய அண்ணனின் கைகளைக் கட்டிய வெள்ளைத் துணி, அம்மாவின் தகரப் பெட்டியில் அடியில் இருக்கிறது. "என்னைப் புதைக்கும்போது கையில வச்சிடு" என்று என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார். மகனைக் கொடுத்ததில் அவருக்கு ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை. அந்த மகனை ஒரு வேளை உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவே.

லீவு நாட்களைத் தாண்டியும் ஒன்று கேட்கிறேன். நான் ஓசூரில் இருக்கிறேன். சனிக்கிழமை ராயக்கோட்டை பஸ் பிடித்து வந்தால் ஞாயிறு ராத்திரி திரும்ப வேண்டும். மற்ற நாளெல்லாம் அம்மா தனியாகத்தான். சர்க்கரை மாத்திரைக்குப் பிரச்சினை இல்லை. பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிவைத்தார்களே, 'மக்களைத் தேடி மருத்துவம்', அதில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. மாத்திரை கொடுக்க வரும் பெண்தான் பல நாள் அம்மா பேசுகிற ஒரே ஆள். திருவிழா மேடையில் "சாமியைப் பெற்ற தாய்" என்று கூப்பிட்டுச் சேலை போர்த்துகிறீர்கள். மழைக்காலத்தில் ஓட்டுக்கூரை ஒழுகியபோது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வார்டு மெம்பரின் மகன் ஒருவன் மட்டும் தார்ப்பாய் கொண்டுவந்து கட்டினான், அவன் நம் வேதத்துப் பிள்ளைகூட இல்லை. மரியாயின் சேனை என்கிற பக்த சபை அம்மாக்கள் வாரத்துக்கு ஒரு சாயந்தரம் எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்ல முடியுமா? தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கண் காட்டப் போகிற அன்றைக்கு ஒரு தம்பி கூடப் போக முடியுமா? வரவேற்புக்கு வசூல் செய்ய நினைத்த பணத்தில் கூரையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆள்தான் வேண்டும்.

இதை எங்கள் வீட்டுக்காக மட்டும் கேட்பதாக எண்ணாதீர்கள். "முன்ன மாதிரி நம்ம ஊர்ல இருந்து பிள்ளைங்க குருமடத்துக்குப் போறதில்லையே" என்று பேரவைக் கூட்டத்தில் ஒவ்வொரு வருசமும் கவலைப்படுகிறீர்கள். எங்கள் அம்மா காலத்தில் வீட்டுக்கு ஐந்து, ஆறு பிள்ளைகள். ஒன்றைக் கோவிலுக்குக் கொடுத்தாலும் கஞ்சி ஊற்ற மற்றவர்கள் இருந்தார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைதான். ஒரே மகனை வைத்திருக்கிற தாய், அவனை அனுப்பலாமா என்று யோசிக்கும்போது யாரைப் பார்ப்பாள்? ஏற்கெனவே அனுப்பிய தாயைத்தான் பார்ப்பாள். அவளுக்கு இந்த ஊர் துணையாக இருக்கிறதா, வயசான காலத்தில் அவள் வாசலை யாராவது மிதிக்கிறார்களா என்றுதான் பார்ப்பாள். இறையழைத்தல் ஞாயிறன்று நாம் செய்யும் செபம் கேட்கப்பட வேண்டுமானால் அதற்கும் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்துச் செந்தூரா மரத்தில் இந்த வருசம் காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. முதல் பறிப்பை அம்மா வைக்கோலில் பழுக்கப்போட்டு வைப்பார். அண்ணன் சாப்பிட்டது போக மீதி பீடச் சிறுவர்களுக்கு.

இனி ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அவர் வரும் தேதியைப் பேரவைத் தலைவரிடமும் பங்குத்தந்தையிடமும் மட்டும் சொல்வேன். சேலத்திலிருந்து நானே அழைத்து வருகிறேன். முதல் இரண்டு நாள் வீட்டில் இருப்பார், போன் என்னிடம் இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து காலையில் நோயாளிகளைப் பார்ப்பார். அவர்களின் பெயர்களை அன்பியப் பொறுப்பாளர்கள் முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் கொடுத்துவிடுங்கள். மதியம் யார் வீட்டிலும் விருந்து வேண்டாம், அம்மா சமைப்பார். சாயந்தரம் நான்கு மணிக்கு மேல் கோவில் வளாகத்துப் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். யாரும் வந்து பேசலாம். வேலை, சீட்டு, கடன் தவிர எதையும் பேசலாம். நவநாளில் ஒரு நாள் மறையுரையும், திருவிழா அன்று கூட்டுத் திருப்பலியும், தேர் மந்திரிப்பும் செய்வதாகப் பங்குத்தந்தையிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஃபிளெக்ஸுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் அதில் மாதாவின் படத்தையும் திருவிழா நிகழ்ச்சி நிரலையும் போடுங்கள், தம்பிகளே. போட்டோ அனுப்பாததற்கு அக்கா மேல் கோபப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சாமியின் தங்கை
ஓசூர்